கேம் கன்சோல், ரிசீவர், டிவி: இன்புட் தானாக மாற என்ன செய்ய வேண்டும்?

கன்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்தினால் டிவி, ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆடியோ கருவி) இரண்டும் விழித்து, சரியான இன்புட்டுக்குத் தாமாகவே வர வேண்டும். இது பற்றி வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, பிஎஸ்5, 5.1 ரிசீவர், 4கே டிவி மூன்றும் இருக்கின்றன. விளையாட உட்கார்ந்தால் இரண்டு ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. எதை எதில் செருகுவது?

பிஎஸ்5-இலிருந்து ரிசீவரின் இன்புட்டுக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள். ரிசீவரின் அவுட்புட்டிலிருந்து, டிவியில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் போர்ட்டுக்கு இன்னொன்று. வேறு போர்ட்டில் செருகினாலும் படம் வரும், ஆனால் டிவியில் ஓடும் யூடியூபின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வராது.

அடுத்து சிஇசி. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் கட்டளைகளுக்கென்றே தனியாக ஓடும் கம்பி இது. மூன்று கருவிகளிலும் இதை ஆன் செய்ய வேண்டும். ஒன்றில் விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் 'எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்', 'ஒன் டச் ப்ளே' இரண்டையும் ஆன் செய்யுங்கள். ரிசீவர்களில் பெரும்பாலும் 'எச்டிஎம்ஐ கன்ட்ரோல்' என்று இருக்கும்.

ரிசீவரும் சேர்ந்து எப்படி மாறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அது செருகப்பட்ட இடத்தை வைத்து ஒரு முகவரி உண்டு. டிவி 0.0.0.0. அதன் 2ஆம் போர்ட்டில் உள்ள ரிசீவர் 2.0.0.0. ரிசீவரின் 1ஆம் இன்புட்டில் உள்ள கன்சோல் 2.1.0.0. கன்சோல் விழித்ததும் 'இனி படம் 2.1.0.0-இலிருந்து' என்று எல்லோருக்கும் அறிவிக்கும். டிவி முதல் எண்ணைப் பார்த்து 2ஆம் போர்ட்டுக்குப் போகும், ரிசீவர் அடுத்த எண்ணைப் பார்த்து 1ஆம் இன்புட்டுக்குப் போகும். அதனால்தான் கேபிளை இடம் மாற்றிச் செருகினால் சில நேரம் எல்லாம் குழம்புகிறது.

கேள்வி: என் டிவி மெனு முழுக்கத் தேடிவிட்டேன், சிஇசி என்ற பெயரே இல்லையே?

அந்தப் பெயரில் இருக்காது. சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்', பானசோனிக்கில் 'வியரா லிங்க்', பிலிப்ஸில் 'ஈஸிலிங்க்'. எல்லாம் ஒன்றேதான், ஆளுக்கொரு பெயர் வைத்து நம்மை அலைய விடுகிறார்கள்.

கேள்வி: சார், என் ரிசீவர் பழசு. 4கே 120 (நொடிக்கு 120 ஃபிரேம்) வேண்டுமென்றால் அதையும் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். 4கே 120க்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும்; 2.0 ரிசீவரின் 18 ஜிபிபிஎஸ் வழியில் அது போகாது. கன்சோலை நேராக டிவியின் 2.1 போர்ட்டில் செருகிவிட்டு, ஏஆர்சி வழியாகச் சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு அனுப்புங்கள். இன்புட் அப்போதும் தானாக மாறும்: டிவி கன்சோலுக்குப் போகும், ரிசீவர் 'டிவி ஆடியோ'வுக்குப் போகும். புது ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன், நடுவில் ஒரு கருவி குறைந்தால் ஒரு தலைவலி குறையும்.

சத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. 2009இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த சாதாரண ஏஆர்சியில் சுருக்காத 5.1 போகாது. கன்சோல் 'லீனியர் பிசிஎம்' என்ற சுருக்காத சத்தத்தை அனுப்பினால் கடைசியில் ஸ்டீரியோதான் கேட்கும். பிஎஸ்5-இன் ஆடியோ ஃபார்மட்டைச் சுருக்கி அனுப்பும் டால்பிக்கு மாற்றி, டிவியின் சவுண்ட் மெனுவில் 'பாஸ் த்ரூ' (சத்தத்தை மாற்றாமல் அப்படியே கடத்துவது) வையுங்கள். சுருக்குவதால் சத்தம் ஒரு கணம் பிந்தலாம். கதை விளையாட்டுகளில் தெரியாது, ரிதம் கேம் ஆடுபவர்களுக்கு உறுத்தும். டிவி, ரிசீவர் இரண்டிலும் இ-ஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) இருந்தால் இந்தக் கவலையே இல்லை, பிசிஎம்மையே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா சீரியல் பார்க்கும்போது பையன் கன்சோலை ஆன் செய்தால் திரை கேமுக்குத் தாவிவிடுகிறது. தினமும் வீட்டில் சண்டை.

சண்டைக்கு நான் பொறுப்பில்லை, இன்புட்டுக்கு வழி சொல்கிறேன். பிஎஸ்5 என்றால் 'ஒன் டச் ப்ளே'யை மட்டும் ஆஃப் செய்யுங்கள். 'பவர் ஆஃப் லிங்க்' இருக்கட்டும்: டிவியை அணைத்தால் கன்சோலும் ரெஸ்ட் மோடுக்குப் போகும். இனி விளையாட வேண்டுமென்றால் பையன் ரிமோட்டைக் கேட்டு வாங்கட்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் டிவி செட்டிங்ஸில் 'மேட்ச் டிவி பவர் ஸ்டேட்'டை ஆஃப் செய்யுங்கள்.

கேள்வி: பிஎஸ்5, ஸ்விட்ச், ஆப்பிள் டிவி மூன்றும் ஒழுங்காக இருந்தன. ஃபயர் ஸ்டிக் வாங்கிய பிறகு ஏதாவது ஒன்று எப்போதும் மக்கர் செய்கிறது தோழர்.

இட முகவரி போக, ஒவ்வொரு கருவிக்கும் அதன் வகையைச் சொல்லும் எண் ஒன்றும் உண்டு. டிவிக்கு 0, ரிசீவருக்கு 5. படம் ஓட்டும் கருவிகளுக்கு 4, 8, 11 என்று மூன்றே இடம்; பரவலாகப் புழங்கும் எச்டிஎம்ஐ 1.4 விதி அப்படித்தான். நான்காவதாக வருவது இடமில்லாமல் நிற்கும், யார் நிற்பது என்பது யார் முதலில் விழித்தார் என்பதைப் பொறுத்தது. அரிதாகப் பயன்படுத்தும் ஒன்றில் சிஇசியை அணைத்துவிடுங்கள். மூன்று கருவிகள் இருந்தாலும்கூட, ஒரே மைக்கில் எல்லோரும் பேசுவது போன்ற ஏற்பாடு இது. பேசுபவர்கள் குறைந்தால்தான் நல்லது.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் ஒன்?

சிஇசி கிடையாது. சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் உண்டு.

கேள்வி: நேற்று வரை வேலை செய்தது. கரண்ட் போய் வந்த பிறகு இன்புட் மாறவில்லை. செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே இருக்கிறது.

ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஸ்டாண்ட்பையிலும் சிஇசி சிப் விழித்தேதான் இருக்கும். மூன்றின் பிளக்கையும் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு ரிசீவர், கடைசியில் கன்சோல் என்று செருகுங்கள். முகவரிகள் புதிதாக ஒதுக்கப்படும். டிவி மட்டும் யுபிஎஸ்ஸில், மற்றவை நேர் லைனில் என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும், எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள்.

கேள்வி: விலை அதிகமான கேபிள் வாங்கினால் இன்புட் ஒழுங்காக மாறுமா?

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சிஇசி ஓடுவது 13ஆம் பின்னில். அந்த ஒரு கம்பி இணைந்திருந்தால் போதும். மிக மலிவான சில கேபிள்களிலும் கன்வர்ட்டர்களிலும் அதை விட்டுவிடுகிறார்கள், அப்போது படம் அருமையாக வரும், இன்புட் மட்டும் மாறாது. மெனுவில் சிஇசியை அணைக்க வழியில்லாத கருவி ஏதாவது தொல்லை கொடுத்தால், 13ஆம் பின் இல்லாத அடாப்டரை வேண்டுமென்றே அதற்கு வாங்கி மாட்டலாம்.