36-ஆ, 42-ஆ? டயர் காற்றுக்கு ஒரு பஞ்சாயத்து

கேள்வி: சிங்கப்பூரில் பெரிய மோட்டார்சைக்கிள் ஓட்டுவதற்கான கிளாஸ் 2 உரிமம் கிடைத்த கையோடு பழைய ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் ஸ்போர்ட் பைக் ஒன்றை வாங்கினேன். விற்ற கடையில், "முன்னால் 30, பின்னால் 32 போதும் தம்பி, அப்போதுதான் பிடிப்பு இருக்கும்" என்றார்கள். நண்பன் 36, 42 என்கிறான். டயரைப் பார்த்தால் இரண்டிலுமே 42 என்று அச்சடித்திருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், ஈசூன்)

பதில்: நண்பர் பேச்சை. அதையும் அப்படியே நம்ப வேண்டாம், குனிந்து பாருங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன் 250 கிலோபாஸ்கல், பின் 290 என்று போட்டிருக்கும். அதுதான் காற்றழுத்தத்தின் இன்னொரு அளவான பிஎஸ்ஐ கணக்கில் 36, 42. பல கை மாறிய வண்டியில் ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கலாம். அப்படியானால் கையேட்டில் இதே எண்கள் இருக்கும்.

டயரில் அச்சடித்திருக்கும் 42 வேறு சமாச்சாரம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எடையும் இருக்கும், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் முன் டயர் 120/70, அளவை அடுத்து வரும் 58 என்ற குறியீட்டுக்கு 236 கிலோ. பின் டயர் 180/55, 73 என்றால் 365 கிலோ. அதாவது "இந்த முழு எடையையும் ஏற்ற வேண்டுமானால் எனக்கு 42 காற்று வேண்டும்" என்கிறது டயர். டயர் செய்தவருக்கு அது எந்த வண்டியில் ஏறப் போகிறது என்று தெரியாது. வண்டி செய்தவருக்குத் தெரியும், அவர் சொல்வதுதான் ஸ்டிக்கர். டயரைப் பார்த்து முன்னாலும் 42 அடித்துக்கொண்டு, விரைவுச்சாலையில் ஒவ்வொரு பால இணைப்புக்கும் கைப்பிடி குதிக்கிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கடைக்காரரின் 30, 32 எங்கிருந்து வந்தது? பந்தயத் தடத்திலிருந்து. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் டயருக்குப் போர்வை சுற்றிச் சூடேற்றி, இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, திரும்பி வந்ததும் சூட்டோடு அளந்து காற்றைச் சரிசெய்வார்கள். காற்று குறைந்தால் டயர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடாகும், சூடானால் ரப்பர் ஒட்டும். தடத்தில் அது சரி. மாலை ஆறு மணிக்குச் சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்கிற டயர் அப்படி எங்கே சூடாகப் போகிறது? பிடிப்பு கூடாது, திருப்பும்போது வண்டி கனக்கும், டயரின் ஓரங்கள்தான் சீக்கிரம் தேயும். அதே காற்றோடு, பின்னால் ஆள் ஏற்றி, பையும் கட்டி, மலேசிய நெடுஞ்சாலையில் 110-இல் மணிக்கணக்காகப் போனால் கதை தலைகீழ்: தேவைக்கு மேல் சூடாகும், அது ஆபத்து.

ஸ்டிக்கர் எண்ணில் ஆரம்பியுங்கள். தனியாக, ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள், பின்பக்கம் கல்லாக இருக்கிறது என்றால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைத்துப் பார்க்கலாம். பத்து குறைக்க எந்த நியாயமும் இல்லை. இந்த எண்கள் உங்கள் வண்டிக்கு மட்டும். யமஹா ஆர்15 வைத்திருக்கும் தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள், அதற்கு 29, 33.

கேள்வி: பின் டயர் காற்றை வீட்டில் என் கேஜில் (காற்று அளக்கும் கருவி) பார்த்தால் 38, பெட்ரோல் நிலையத்தில் பார்த்தால் 40. எது பொய் சொல்கிறது? நல்ல கேஜ் ஒன்று சொல்லுங்கள். (வாசகர், சுவா சூ காங்)

பதில்: இரண்டுமே உண்மை சொல்லலாம். ஸ்டிக்கரில் இருப்பது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய காற்று. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், வெயில் படாமல். ஆகவே காலையில் புளோக்குக்குக் கீழே, பல மாடிக் கார்நிறுத்தத்தில் அளப்பதுதான் அளவு. வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு விடியற்காலை 26 டிகிரிக்கும் பிற்பகல் 33 டிகிரிக்கும் நடுவிலேயே ஒரு பிஎஸ்ஐ சொச்சம் கூடிவிடும். ஓட்டினால் இன்னும் ஏறும்.

காற்றுக் குழாய் வீட்டில் இல்லையே என்பீர்கள். குறையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பின் டயருக்கு 42 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், காலையில் காட்டியது 38, குறை 4. பெட்ரோல் நிலையம் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள கருவி 40 காட்டுகிறதா? அதில் 44 வையுங்கள். 42 வைத்தால், ஆறிய பிறகு இரண்டு குறைந்து நிற்கும். இந்த வழியில் அந்தக் கருவி கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் பரவாயில்லை, வித்தியாசத்தை மட்டும்தானே நம்புகிறோம். திரை கிலோபாஸ்கலில் இருந்தால் 4 பிஎஸ்ஐ என்பது 28.

சூடான டயரில் எண் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுவதுதான் பெரிய தப்பு. நானும் செய்திருக்கிறேன். மறுநாள் காலை வண்டி தள்ளவே கனத்தது.

கேஜுக்கு வருவோம். விலை உயர்ந்தது வேண்டாம். 60 பிஎஸ்ஐ வரை காட்டுகிற, சின்னக் குழாயும் வளைந்த தலையும் உள்ள டிஜிட்டல் கேஜ் போதும். வளைந்த தலை ஏன்? ஸ்போர்ட் பைக்கின் முன்சக்கரத்தில் வால்வுக்கு இருபுறமும் பிரேக் டிஸ்க். காருக்கென்று செய்த நீளமான பம்பு முனை உள்ளே நுழையாமல் டிஸ்கில் இடிக்கும், பாதி மாட்டியும் மாட்டாமலும் 'உஸ்' என்று இருக்கிற காற்றும் போகும். அதற்கு நிரந்தரத் தீர்வு, அடுத்த முறை டயர் மாற்றும்போது 90 டிகிரி வளைந்த உலோக வால்வு போடச் சொல்வது.

கேள்வி: புது டயர் மாட்டி மூன்று வாரம். பின்னால் வாரம் 5 பிஎஸ்ஐ இறங்குகிறது. மாட்டிய பட்டறையில் "எல்லா டயரும் இறங்கும்" என்கிறார்கள். (வாசகர், செங்காங்)

பதில்: எல்லா டயரும் இறங்கும், மாதத்துக்கு ஒன்றிரண்டு. வாரத்துக்கு 5 என்றால் ஓட்டை.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, முதலில் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதன் வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழ் எழுந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது, ஒரு திருகில் முடியும். அடுத்து வால்வின் அடிப்பாகம். அப்புறம் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு முழுக்க. பழைய ரப்பர் பிசிறைச் சுரண்டாமல் மாட்டினால் அங்கேதான் கசியும். கடைசியில் ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். ஆணி என்றால் பட்டறையைக் குறை சொல்ல முடியாது. பிரேக் டிஸ்கில் மட்டும் சோப்புத் தண்ணீர் படவிடாதீர்கள்.

குமிழைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து, ரசீதோடு பட்டறைக்குப் போங்கள். மாட்டியதில் கோளாறு என்றால் இலவசமாகத் திரும்ப மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். டயரிலேயே குறை என்றால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் உங்கள் பக்கம்: ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். மசியவில்லை என்றால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. ஆனால் இணையத்தில் தனியாள் ஒருவரிடம் வாங்கிய டயருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

போகிற போக்கில் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. "புது ஸ்டாக்" என்று சொல்லி ஐந்து வருட டயரைத் தலையில் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் பேசலாம்.

கேள்வி: தீபாவளி விடுமுறைக்குக் கேமரன் மலை போகிறோம். குளிருக்கும் மழைக்கும் காற்றைக் குறைக்க வேண்டுமா? (வாசகர், ஜூரோங்)

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். காற்று குறைந்த டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளாது, குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

குளிரில் ஒரு வேடிக்கை. கேமரன் மலையின் தானா ராத்தா ஊரில் விடிகாலை 16 டிகிரி இருந்தால், இங்கே 28-இல் அடித்த 42-இல் இரண்டு பிஎஸ்ஐ சொச்சம் இறங்க வேண்டும். ஆனால் அங்கே ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே? ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கிளம்புகிற அன்று காலை இங்கேயே அளந்துவிட்டுப் போங்கள், மேலே போய் நோண்ட வேண்டாம்.