தாய் சி கேள்வி பதில்: ஒரே அசைவுக்கு எத்தனை பொருள்?

கேள்வி: சார், தாய் சியில் வரும் "சி" நம்ம பிராணன்தானே? எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதில்: இல்லை. தாய் சி, மெதுவான அசைவுகளாகப் பழகும் சீனத் தற்காப்புக் கலை. மூச்சு, உயிராற்றல் என்ற பொருள் தரும் சீனச் சொல் வேறு. இந்தப் பெயரில் இருப்பது "ஜி". கூரையின் முகட்டு உத்தரம் என்பது அதன் பழைய பொருள். அதிலிருந்து உச்சம், எல்லை என்றானது. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் வந்த குழப்பம் இது. "தாய் ஜி ச்சுவான்" என்ற முழுப்பெயரின் கடைசியில் "ச்சுவான்" என்று ஒரு சொல் உண்டு. மடக்கிய கை, அதாவது கைச்சண்டை. அந்தச் சொல்லை விட்டுவிட்டதால்தான் பலருக்கு இது வெறும் மூச்சுப் பயிற்சியாகத் தெரிகிறது.

கேள்வி: அண்ணா, "குருவி வாலைப் பிடித்தல்" என்று ஒரு அசைவு. குருவியும் இல்லை, வாலும் இல்லை. உண்மையான அர்த்தம் என்ன?

பதில்: ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் இதற்கு இணையான அசைவின் பெயர் "லான் ஜா யீ": சாவகாசமாக அங்கியைச் செருகிக்கொள்ளுதல். அங்கே கற்றுப் பெய்ஜிங்கில் சொல்லிக்கொடுத்தவர் யாங் லூச்சான் (1799–1872). அவர் வழியில் அது "லான் ச்சுவே வெய்", குருவி வால். ஒலி மருவியிருக்கலாம் என்று சொல்வதுண்டு. அதேபோல இன்னொரு அசைவின் பெயரில் அங்கே வெள்ளை வாத்து, இங்கே வெள்ளைக் கொக்கு.

பெயரை விடுங்கள், எதிரே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். அவர் தள்ளினால் உங்கள் முன்கை அதை ஏற்றுத் திருப்பிவிடுகிறது. அவர் இழுத்தால் அதே கை அவரோடு போய் அவரையே தள்ளிவிடுகிறது. இருவர் கைசேர்த்துச் செய்யும் "துய்ஷோ" பயிற்சி இதற்காகத்தான்.

கேள்வி: ஒரு மாஸ்டர் "தளர்த்து, தளர்த்து" என்கிறார். இன்னொருவர் "தொய்யாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் சரி, எந்த மாணவனைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம். சீனத்தில் "சோங்" என்பார்கள். இறுகிய முடிச்சை நெகிழ்த்துவது போன்ற தளர்ச்சி அது, ஈரத்துணி போலத் தொங்குவது இல்லை. தோளை இறுக்கிக்கொண்டு வருகிறவருக்கு "தளர்த்து" என்பது மருந்து. ஏற்கெனவே தொய்ந்து நிற்பவர் அதைக் கேட்டால் இன்னும் சரிந்துவிடுவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். யாங் லூச்சானின் பேரன் யாங் செங்ஃபு (1883–1936) சொல்ல, அவருடைய மாணவர் எழுதிவைத்த பத்துக் குறிப்புகளில் ஒன்று, நெஞ்சை உள்வாங்கி முதுகை உயர்த்து என்பது. நானோ நாள் முழுக்கக் கணினி முன்னால் குனிந்து உட்காருகிறவன். இருந்த கூனலோடு நெஞ்சை இன்னும் உள்ளே இழுத்து இரண்டு வருடம் பயிற்சி செய்தேன். மேல்முதுகு வலிதான் மிச்சம். அப்புறம்தான் அந்தக் குறிப்பின் விளக்கத்தைப் படித்தேன்: நெஞ்சை முன்னே தள்ளினால் உடல் மேலே கனத்துக் கீழே லேசாகிவிடும், குதிகால் மிதக்கும் என்கிறார். விறைத்து நிற்பவனுக்கான திருத்தம் அது. எனக்கு வேண்டியிருந்தது அதே பட்டியலின் முதல் குறிப்பு, உச்சந்தலை மெல்ல மேலே எழும்படி நிற்பது. எந்தக் குறிப்பைப் படித்தாலும், இது யாருடைய தவற்றைத் திருத்தச் சொன்னது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: வீடியோவில் ஆசிரியர் எதிரே பார்த்துச் செய்கிறார். இடது வலது குழம்புகிறது.

பதில்: முதுகு காட்டிச் செய்யும் வீடியோவில் பழகுங்கள். பழகிய பின் எதிரிலிருந்து பாருங்கள். அந்தக் கை யாரை நோக்கி வருகிறது என்று அப்போது தெரியும்.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயது. சண்டை எனக்கு எதற்கு? தடுமாறி விழாமல் இருந்தால் போதும்.

பதில்: அம்மா, அதற்கும் இதே அசைவுகள்தான். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் இருமுறை, 24 வாரம் தாய் சி செய்தவர்களின் சமநிலை, தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக இருந்தது, விழுவதும் குறைந்தது.

ஒரு காலை "நிறைத்து" மறுகாலை "வெறுமையாக்கி", அதாவது எடையை ஒரு காலுக்கு மாற்றி, அடி வைப்பது சண்டைக்காரனுக்கு, எதிராளி காலை வாரினாலும் நிலைகுலையாமல் இருக்க. உங்களுக்கு, குளியலறை வாசல்படியைத் தாண்ட. தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை, முழங்கால் வலிக்காத உயரமே போதும். கைக்கெட்டும் தூரத்தில் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எடை முழுவதும் ஒரு காலுக்குப் போய்விட்டது என்று உணர்ந்த பிறகே அடுத்த காலைத் தூக்குங்கள்.