மின் சக்கர நாற்காலி: மறுப்புக்குக் காரணம் மருத்துவர் எழுதிய ஒரு வரி

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, பார்க்கின்சன் நோய். மின் சக்கர நாற்காலிக்கு, முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் முன் அனுமதி கேட்டோம், மறுத்துவிட்டார்கள். இப்போது ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில், “ஒரு காசு வேண்டாம், மெடிகேர் எண்ணை மட்டும் சொல்லுங்கள்” என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். இத்தகைய கருவிகளுக்குப் பணம் தரும் மெடிகேரின் ‘பி’ பகுதி, ஆண்டுதோறும் முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை (2025-இல் 257 டாலர்) போக 80 சதவீதம்தான் தரும். மீதி 20 சதவீதம் உங்கள் பொறுப்பு, அல்லது துணைக் காப்பீட்டின் பொறுப்பு. அதை எல்லோருக்கும் தள்ளுபடி செய்கிறேன் என்பவர் சட்டத்தை மீறுகிறார். எண் அவர் கைக்குப் போனால், நீங்கள் கேட்காத முதுகுப் பட்டைக்கும் முழங்கால் பட்டைக்கும் பில் போகும். “படிவத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம்” என்பார்கள்; விற்பவர் நிரப்பிய படிவத்தை மருத்துவ ஆவணமாக மெடிகேர் ஏற்பதில்லை.

நீங்கள் அனுப்பிய மருத்துவர் குறிப்பில் ‘கோயிலுக்கும் கடைக்கும் போய்வர உதவும்’ என்று இருக்கிறது. மறுப்பதற்கு அந்த வரி போதும். வீட்டுக்குள் கழிவறைக்கும், குளிக்கவும், சாப்பாட்டு மேசைக்கும் போக முடியாதவருக்கே இந்த நாற்காலி. வாசற்படி தாண்டினால் நோயாளிக்குக் கால் முளைத்துவிடும் என்று விதி எழுதியவர்கள் நினைத்தார்கள் போலும்!

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், பலர் இதில் வீணாகப் பயப்படுகிறார்கள். தேவை வீட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்காலி வந்த பிறகு அம்மா அதில் கோயிலுக்குப் போகலாம், பூங்காவுக்குப் போகலாம். யாரும் தடுக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். விண்ணப்பத்தின் காரணமாக மட்டும் அதை எழுதக் கூடாது.

மருத்துவரை மறுபடி நேரில் பாருங்கள். வாக்கருடன் எத்தனை அடி நடக்கிறார், எங்கே விழுந்தார், கை நடுக்கத்தால் சாதாரணச் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாதது, ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுவோர் உட்கார்ந்து கைப்பிடியால் ஓட்டும் மின்வண்டி) ஏன் ஒத்துவராது என்பதெல்லாம் குறிப்பில் வரவேண்டும். ‘நடக்கச் சிரமப்படுகிறார்’ என்ற வரிக்கு மதிப்பில்லை. மருத்துவருக்கு நேரமில்லை என்றால், விற்பனையாளரோடு பணத் தொடர்பில்லாத இயன்முறை சிகிச்சையாளர் பரிசோதித்து எழுதலாம். மருத்துவர் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். சந்திப்பு நடந்த ஆறு மாதத்துக்குள் மருந்துச்சீட்டுப் போல எழுத்து உத்தரவும் போகவேண்டும்.

முன் அனுமதியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். மறுப்புக் கடிதத்திலேயே குறை என்னவென்று போட்டிருப்பார்கள். அடுத்த சந்திப்புக்கு அதை எடுத்துச் செல்லுங்கள்.