திடீரென்று ஒரு காது கேட்கவில்லை: சொட்டு மருந்து போதுமா?

அப்பாவுக்கு ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, ஞாயிறு வரை சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அவரை இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

முந்தாநாள் காலை எழுந்ததும் வலது காது அடைத்துப்போய், வலி இல்லாமல் இரைச்சல் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். காது அழுக்காக இருக்கலாம். ஆனால் உள்காதோ செவி நரம்போ திடீரெனப் பாதிக்கப்பட்டாலும் இப்படித்தான் இருக்கும். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாகத் தொடங்க வேண்டும். தாமதித்தால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.

ஒரு சிறு சோதனை: வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகச் சொல்லுங்கள். அடைத்த காதில் ஒலி பலமாகக் கேட்டால் அழுக்கோ நடுக்காது நீரோ காரணமாகலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்புப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். எப்படிக் கேட்டாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுத்தால்தான் உறுதியாகும்.

குடியாத்தத்திலிருந்து வேலூர் அருகே உள்ள அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்று காலையிலேயே கிளம்பிவிடுங்கள். காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்பவர்கள் ஊரில் நிறைய உண்டு. தயவுசெய்து விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் தளர்வது, கடும் தலைச்சுற்றல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.