சாமியார் செத்த பிறகும் சாய்ந்த சிம்மாசனம்

கேள்வி: ரஷ்யாவில் ஜார் ஆட்சி கவிழ்ந்ததற்கு ரஸ்புதின் என்ற சாமியாரும், அவர் சொன்னதையெல்லாம் கேட்ட மகாராணியும்தானே காரணம்? இதில் முதல் உலகப் போரை ஏன் இழுக்கிறீர்கள்? (வாசகர், கரூர்)

பதில்: ரஸ்புதின் கொல்லப்பட்டது 1916 டிசம்பர் 30 அன்று. கொன்றவர்கள் ராஜ குடும்பத்து உறவினர்களும் பிரபுக்களும்தான். சாமியார் தொலைந்தால் சிம்மாசனம் பிழைத்துவிடும் என்று நம்பினார்கள். இரண்டரை மாதத்தில் சிம்மாசனமே போய்விட்டது. அரசன் விழுந்ததும் பழியை அந்தப்புரத்து வாசலில் கொண்டுபோய்ப் போடுகிற பழக்கம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அப்படிப் போட்டுவிட்டால் போர்க்களத்தில் செத்த லட்சக்கணக்கான சிப்பாய்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

1905-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிடம் தோற்ற வருஷம். நாடெங்கும் வேலைநிறுத்தம், மாஸ்கோவில் ஆயுதக் கிளர்ச்சி. அப்போதும் இதே நிக்கோலஸ்தான் ஜார், இதே அலெக்சாண்ட்ராதான் ராணி. ஆனாலும் தப்பித்தார். செம்யோனோவ்ஸ்கி காவல் படையைத் தலைநகரிலிருந்து ரயிலேற்றி மாஸ்கோவுக்கு அனுப்பினார். அந்தப் படை சுட்டது, கிளர்ச்சி அடங்கியது. சுடச் சொன்னால் சுடுகிற படை ஒன்று அன்று அவர் கையில் இருந்தது. 1917-இல் அது இல்லை. போர் அதைத் தின்றுவிட்டது.

ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேரைப் படைக்கு இழுத்தார்கள். 1915 கோடையில் ஜெர்மன் படைக்கு முன் வார்சா நகரை விட்டுப் பின்வாங்கியபோது பலர் கையில் துப்பாக்கியே கிடையாது. முன்னால் நிற்பவன் விழுந்தால் அவனுடையதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பயிற்சி பெற்ற சிப்பாய்களிலும் அதிகாரிகளிலும் பெரும்பகுதி அந்த முதல் ஆண்டிலேயே அழிந்துபோனது. இந்த நேரம் பார்த்துத்தான் ஜார் தலைமைத் தளபதி பதவியைத் தானே எடுத்துக்கொண்டார். அதுவரை அந்தப் பதவியில் இருந்த நிக்கோலாய் நிக்கோலாயெவிச் அவருக்குச் சித்தப்பா முறை. அவரைக் காக்கஸஸுக்கு அனுப்பிவிட்டு, மொகிலேவ் நகரத்துப் படைத் தலைமையகத்தில் போய் உட்கார்ந்தார். வேண்டாம் என்று எட்டு அமைச்சர்கள் கடிதமே எழுதினார்கள், கேட்கவில்லை. அதுவரை தோல்விக்குத் தளபதிகளைத் திட்டிய ஜனம், அப்புறம் மன்னரையே திட்டியது. தலைநகரில் ராணியின் கை ஓங்கியது, ஒன்றரை வருஷத்தில் நான்கு பிரதமர்கள் வந்துபோனார்கள். ரஸ்புதினுக்கு அத்தனை இடம் கிடைத்ததே மன்னர் போர்முனையில் இருந்ததால்தான்.

சரி, ரொட்டிக்கு வருவோம். நாட்டில் தானியமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஏற்றுமதி நின்றுபோயிருந்தது, தானியம் உள்ளேதான் கிடந்தது. ஆனால் ஆலைகளெல்லாம் குண்டு செய்துகொண்டிருந்தன. விற்ற காசுக்கு வாங்க ஆணியோ துணியோ கிடைக்காதபோது விவசாயி எதற்குத் தானியத்தை விற்பான்? அரசோ ரூபிளை அச்சடித்துத் தள்ளியது. போர் தொடங்கியதும் வோட்காவைத் தடை செய்து, வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கைத் தானே இழந்திருந்த அரசு அது. ரயில்கள் போர்முனைக்கே போதவில்லை. தலைநகர் பெட்ரோகிராடில் பெண்கள் பனியில் இரவிலிருந்தே ரொட்டிக் கடை வாசலில் காத்து நின்றார்கள். 1917 மார்ச் 8, மகளிர் தினம். துணி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். (ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி அது பிப்ரவரி. அதனால்தான் பிப்ரவரிப் புரட்சி என்கிறோம்.)

மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் கூட்டத்தைச் சுடச் சொல்லி வோலின்ஸ்கி படைப்பிரிவுக்கு உத்தரவு. சுட்டார்கள். நாற்பது பேர் வரை செத்தார்கள். அன்று இரவு பாசறையில் யாருக்கும் தூக்கம் இல்லை. இவர்கள் 1905-இன் காவல் படை அல்ல. நேற்றுவரை ஏர் பிடித்த, ஆலையில் உழைத்த புது ஆட்கள். அடுத்து போர்முனைக்கு அனுப்பப்படப் போகிறவர்கள். ரொட்டி வரிசையில் நிற்பது தங்கள் வீட்டுப் பெண்கள் மாதிரியான பெண்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். கிர்பிச்னிகோவ் என்ற சார்ஜென்ட் தோழர்களிடம் பேசினார். இனிச் சுடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். காலையில் அதிகாரி வந்தார். இவர்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள். திரும்பி முற்றத்தில் போன அதிகாரியின் மேல் குண்டு பாய்ந்தது. அப்புறம் பக்கத்துப் படைப்பிரிவுகளை அழைக்கப் போனார்கள். மாலைக்குள் பல்லாயிரம் சிப்பாய்கள் மக்கள் பக்கம்.

ஜார் ரயிலேறித் தலைநகருக்குப் புறப்பட்டார். வழி அடைபட்டிருந்ததால் ரயில் ப்ஸ்கோவ் நகருக்குத் திரும்பியது. மார்ச் 15 அன்று அங்கே தளபதிகளின் தந்திகள் வந்து சேர்ந்தன. எல்லாரும் சொன்னது ஒன்றுதான், பதவி விலகுங்கள். மண்டியிட்டு வேண்டுகிறேன் என்று எழுதிய ஒரு தந்தி காக்கஸஸிலிருந்து வந்தது. அனுப்பியவர் நிக்கோலாய் நிக்கோலாயெவிச். அன்று இரவே ரயில் பெட்டியில் வைத்து ஜார் கையெழுத்துப் போட்டார்.