பிள்ளையின் அழைப்பு: பெற்றோர் கேட்டார்கள், ரீச்சர் பதில் சொல்கிறார்

திருகோணமலையில் 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். ஞாயிறு பாடசாலை இன்னும் எடுக்கிறேன். தங்கள் பிள்ளையை ஆண்டவர் எதற்கு அழைக்கிறார் என்று பெற்றோர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகன் ஐந்தாம் வகுப்பு. ஞாயிறு காலையிலும் புலமைப்பரிசில் டியூசன். கோவிலை இந்த ஒரு வருடம் விடலாமா?

வேண்டாம். டியூசன் நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

ரீச்சர், மகளை டாக்டராக்குவதாக ஆண்டவருக்கு நேர்ந்தோம். அவள் உயர்தரத்தில் சித்திரம் எடுக்கப்போகிறாளாம். (உப்புவெளி)

தங்கச்சி, நேர்ந்து கொடுத்த பிள்ளை ஆண்டவருடையது. அவள் என்னவாக வேண்டும் என்பதை அவரிடமே விடுங்கள். வேதாகமத்தில் அன்னாள், தான் நேர்ந்து பெற்ற மகன் சாமுவேலைச் சீலோவில் ஆண்டவருடைய ஆலயத்தில் விட்டபோது, இவனைத் தீர்க்கதரிசியாக்கும் என்று கேட்கவில்லை. வருடாவருடம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். போன வருட அளவில் தைத்தால் கை ஏறாது, இல்லையா? பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று யோசித்து யோசித்துத்தான் அந்தத் தாய் துணி வெட்டியிருப்பாள். நீங்கள் மகள் பிறந்த அன்று எடுத்த அளவையே வைத்திருக்கிறீர்கள்.

சித்திரம் வெறும் பொழுதுபோக்கு என்றும் நினைக்காதீர்கள். பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யவே பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவன் தம் ஆவியால் நிரப்பினார். யாத்திராகமம் 31ஐ அவளோடு இருந்து வாசியுங்கள். அப்புறம் அவளுடைய சித்திரக் கொப்பியைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் பாருங்கள். மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலையைப் பட்டமாகவே படிக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு மகன் குருவாகப் போகிறேன் என்கிறான். எங்களுக்கு ஒரே பிள்ளை. (பாலையூற்று)

நான் மெதடிஸ்த சபை. கத்தோலிக்கக் குருமடத்து ஒழுங்குகளைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தாய்க்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். யாரோ கூப்பிடும் குரல் கேட்டு இரவில் ஓடிவந்த சிறுவன் சாமுவேலை, ஆலயத்து ஆசாரியர் ஏலி இரண்டு தரம் “போய்ப் படு” என்று அனுப்பினார். மூன்றாம் தரம்தான் கூப்பிடுவது யாரென்று அவருக்கே விளங்கியது. அப்போதும் ஆண்டவருக்குப் பதிலாகத் தான் பேசவில்லை, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். நீங்களும் அவனைத் தள்ளவும் வேண்டாம், மறிக்கவும் வேண்டாம். அழுகை வந்தால் அவன் காணாமல் அழுங்கள். அன்னாளும் அன்று ஒரே பிள்ளையைத்தான் விட்டுவிட்டு வந்தாள்.

மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. எந்நேரமும் கரையில் வள்ள எஞ்சினோடுதான். இதுவும் அழைப்பா, ரீச்சர்?

தம்பி, உங்கள் மகனைக் கரையில் கண்டேன். பிளக்கைக் கழற்றி, கரியைச் சேர்ட் நுனியால் துடைத்து, ஊதிப் பூட்டினான். எஞ்சின் பிடித்ததும் அந்த வயசாளியிடம் காசு வாங்காமல் அடுத்த வள்ளத்துக்குப் போனான். கெட்டித்தனத்தை விட அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ராஜாவைத் தெரிந்தெடுக்கச் சாமுவேல் வந்தபோது, தகப்பன் ஈசாயும் தாவீதை ஆட்டோடு விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளைத்தானே முதலில் காட்டினார்? சாதாரண தரத்தை எப்படியும் எழுத வையுங்கள். பிறகு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எஞ்சின் வேலையை முறையாகப் படிக்கட்டும். சேர்ட்டில் கரி பட்டதற்கு மட்டும் அவனை ஏசாதீர்கள்.