மழை பெய்தாலும் ஜன்னலைத் திறவுங்கள்

அன்புத் தங்கைக்கு,

இங்கிலாந்தில் ரெடிங்குக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது என்றும், காலையில் எழுந்தால் படுக்கையறை ஜன்னலில் தண்ணீர் வழிந்து அடிக்கட்டையில் தேங்கி நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள். மூன்று வயதுப் பையன் இரவெல்லாம் இருமுகிறான். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் சொன்னால், "உங்கள் சமையல்தான் காரணம்" என்கிறார். கூடவே பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி விண்ணப்பத்துக்கு உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் இணையதளத்தைப் பாருங்கள். உரிமத்தைப் பற்றி உங்கள் கணவரின் அலுவலகத்திலேயே பத்துப் பேர் சொல்வார்கள். கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்காக. அவை பூசணம்.

2002 நவம்பரில் நான் வந்து இறங்கியபோது லண்டனில் ஈஸ்ட்ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடிப் பின்னறை ஒன்றில் குடியிருந்தோம். விக்டோரியா காலத்து வரிசை வீடு. நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. நனைந்து, காயாமல் மடித்துவைத்த கோணிச் சாக்கின் வாடை. எனக்கு அது புதிதல்ல. கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் ஐப்பசி அடைமழையின்போது சுவரில் ஓதம் ஏறும். முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொருக்குத் தட்டி உதிரும். அப்பளம் நமுக்கும், தீப்பெட்டி நமுக்கும், ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும். பாட்டி ஜன்னல்களை இழுத்துச் சாத்திவிடுவாள். ஈரம் வெளியிலிருந்து வருவது, அதை உள்ளே விடக் கூடாது என்பதுதான் நான் அவளிடம் கற்றுக்கொண்டு வந்தது.

அதை அப்படியே இங்கே செய்தேன். ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பழுப்பு டேப் ஒட்டினேன். பழைய கணப்படுப்பின் வாயை அட்டையால் அடைத்தேன். துவைத்த துணிகளை ரேடியேட்டர் மேல் போட்டு அறைக்குள்ளேயே உலர்த்தினேன். கீழ்வீட்டுக்காரர் இரக்கப்பட்டு ஒரு கேஸ் சிலிண்டர் ஹீட்டர் கொடுத்தார், அதையும் ஏற்றினேன். அந்தச் சிலிண்டரில் ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு யாராவது அப்படி ஒன்றை இரவல் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரம் ஒருபுறம் இருக்க, மூடிய அறையில் நச்சு வாயுவும் சேரும், உயிருக்கே ஆபத்து.

மார்ச்சில் ஒரு கல்யாணம் வந்தது. கட்டிலுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே செருகிவைத்திருந்த பெட்டியை வெளியே இழுத்தேன். அதில் என் கூறைப்புடவை இருந்தது. அரக்கு நிறத்தில் திருபுவனம் பட்டு. சுவர்ப் பக்கமாக இருந்த மடிப்புகளில் சாம்பல் பூத்திருந்தது. விரல் வைத்தால் மாவு போல ஒட்டியது. மேல் மடிப்பை விரித்தேன், அடுத்த மடிப்பிலும் அதே வடிவத்தில் கறை, கொஞ்சம் சிறிதாக. அதற்கடுத்ததில் இன்னும் சிறிதாக. ஏழு மடிப்புக்கு உள்ளே போயிருந்தது. ஜரிகை கறுத்திருந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் பெட்டியின் அளவுக்கே ஒரு கறுப்புச் சதுரம். பெட்டியின் மேல் விளிம்பு எங்கே முடிந்ததோ அங்கே கோடு கிழித்தாற்போல அதுவும் முடிந்திருந்தது. புடவையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற குழாய்த் தொழிலாளி ஒருவர் இருந்தார், அயர்லாந்துக்காரர். என் கணவர் அவரை அழைத்து வந்தார். அவர் டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தார், வெளியே போய் மழைநீர் வடியும் பீலிக்குழாயைப் பார்த்தார், திரும்பி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். "மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை அம்மா. இது நீங்கள் விட்ட மூச்சு" என்றார். பிறகு நான் ஒட்டியிருந்த டேப்பை ஒரே இழுப்பில் பிய்த்து ஜன்னலைத் தூக்கிவிட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறியது.

அன்று அவர் சொன்னதைத்தான் இருபது வருடங்களுக்கு மேலாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில் மேசைமேல் வட்டமாக ஈரம் வைக்கிறதே, பாட்டில் ஒழுகுகிறதா? காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் தண்ணீராகப் படிகிறது. உங்கள் வீட்டில் அந்தக் குளிர்ந்த பாட்டில், ஜன்னல் கண்ணாடியும் வெளிச்சுவரின் மூலையும். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்றால் முடியாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் தண்ணீரைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம், 5 டிகிரியில் 7 கிராம்தான். நம் ஊர் மழைக்காலத்தில் வெளிக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது, ஜன்னலைத் திறந்தால் அப்பளம் நமுக்கத்தான் செய்யும். இங்கே டிசம்பரில் வெளியே 5 டிகிரி இருக்கும்போது கொட்டும் மழையிலும் வெளிக்காற்றில் அந்த 7 கிராமுக்கு மேல் இருக்க வழியில்லை. அந்தக் காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாட்டி செய்தது கும்பகோணத்துக்குச் சரி. இங்கே அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஆகவே காலையில் எழுந்ததும் எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து வையுங்கள். சுவர் குளிர்ந்துபோகும் அளவுக்கு நாள் முழுவதும் திறந்து வைக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே பிழியுங்கள், ரேடியேட்டர் மேல் காயப்போட்டால் துடைத்த தண்ணீர் மறுபடி காற்றுக்குத்தான் போகும். ஜன்னல் சட்டத்தின் மேற்பகுதியில் நீளமாக ஒரு துளையும் தள்ளும் மூடியும் இருந்தால், டிரிக்கிள் வென்ட் என்பார்கள், அதை மூடவே மூடாதீர்கள். இட்லி வேகும்போதும் சோறு கொதிக்கும்போதும் சமையலறைக் கதவைச் சாத்தி, பாத்திரத்தை மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். குளித்து முடித்த பிறகும் இருபது நிமிடம் ஃபேன் ஓடட்டும். அந்த ஃபேன் உண்மையில் காற்றை இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு டிஷ்யூ தாளை அதன் வாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சத்தம் மட்டும் போட்டுத் தாளைக் கீழே விடுகிற ஃபேன்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியிலும் பல வெளியே குழாய் இல்லாதவை, எண்ணெய்ப் பசையை வடிகட்டிவிட்டு ஆவியைத் திரும்ப உங்கள் முகத்திலேயே ஊதும்.

துணிதான் பெரிய எதிரி. ஒரு தடவை துவைத்த துணி சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் விடும். கொடி கட்ட வெளியில் இடம் இல்லையென்றால் குளியலறையில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, ஃபேனைப் போடுங்கள். முடிந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தெடுக்கும் டிஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள். உங்கள் அறை குளிர்ந்தே கிடக்கும் என்றால் கம்ப்ரசர் வகையைவிட, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகண்ட் வகை நன்றாக வேலை செய்யும். அதற்கும் முன்னால் பத்து பவுண்டுக்குள் ஒரு ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி. என் வீட்டில் ஜனவரியிலும் 55-ஐத் தாண்டுவதில்லை. பத்து வருடத்துக்கு முன்பு இல்ஃபர்டில் வாங்கிய இந்த வீடும் பழைய வரிசை வீடுதான். பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தம்பதி, உங்கள் வீட்டில் மட்டும் எப்படி அந்த வாடை இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள்.

ஹீட்டரைப் பற்றி நம்மவர்களிடம் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. வீடு வாங்க முன்பணம் சேர்க்கிறோம் என்று மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு அணைத்துவிடுவார்கள். காற்று சூடாகும், சுவர் சூடாகாது, அந்தச் சுவரில் போய் ஈரமெல்லாம் படியும். குறைந்த சூட்டில் தொடர்ந்து ஓடட்டும். ஆள் புழங்காத அறையையும் 15 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். சேர்த்த பணத்தை நெபுலைசருக்கும் விடுப்புக்கும் செலவழித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். "நாங்களும் இப்படித்தான் இருந்தோம், இந்த நாடு இப்படித்தான்" என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்லும் மூத்தவர்கள்மேல் இன்னும் கோபம். பட்ட கஷ்டத்தை அடுத்தவருக்கும் கொடுப்பதில் என்ன பெருமை?

இனி உங்கள் வீட்டுக்காரர். சமையலால் ஆவி வருவது உண்மை. மூச்சு விட்டாலும் வரும். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் அரை லிட்டருக்கு மேல் காற்றில் சேரும். அதற்காகக் குடியிருப்பவர் தூங்காமல் இருக்க முடியுமா? ஆவியை வெளியேற்றும் ஃபேனும், ஒழுங்காக ஓடும் ஹீட்டரும், குளிரைத் தாங்கும் ஜன்னலும் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. கறை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஜன்னலைச் சுற்றியும் இருந்தால் ஆவி படிந்த இந்த ஈரம். தரையிலிருந்து இடுப்புயரம்வரை ஏறி, மேலே உப்புக் கோடு பூத்தால் அஸ்திவார ஓதம். மழைக்குப் பிறகு மட்டும் பெரிதாகும் திட்டு என்றால் பீலியோ கூரையோ ஒழுகுகிறது. பின்னிரண்டுக்கும் நீங்கள் எத்தனை ஜன்னல் திறந்தாலும் பயனில்லை, அவர்தான் ஆள் வைத்துப் பழுது பார்க்க வேண்டும்.

எங்கள் ஈஸ்ட்ஹாம் வீட்டுக்காரரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் வீடு பார்க்க வருவதற்கு முன்பு பூசணத்தின்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்துவைத்திருந்தார். தெரிந்தவர் ஆயிற்றே, முகம் கோணக் கூடாதே என்று இரண்டு குளிர்காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த இரண்டு குளிர்காலமும் என் மகள் மூச்சிரைப்போடு படுத்திருந்தாள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பூசணம் பிடித்த வீட்டிலேயே தொடர்ந்து இருந்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு வந்தது. சூடானிலிருந்து வந்த பெற்றோர். முறையிட்டபோது அப்பாவுக்குக் கிடைத்த பதில், அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள் என்பது. குடும்பத்தின் வாழ்க்கைமுறையைப் பற்றித் தவறாக அனுமானித்துவிட்டதாக வீட்டு நிர்வாகம் பிறகுதான் ஒப்புக்கொண்டது. உங்கள் வீட்டுக்காரர் சமையலைச் சொன்னார் என்று படித்தபோது எனக்கு அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வந்தது. அவன் பெயரிலேயே இங்கிலாந்தில் சட்டம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல், கவுன்சில் வீடுகள் போன்ற சமூகக் குடியிருப்புகளில் இப்படிப்பட்ட அபாயமான ஓதத்தைப் பத்து வேலைநாளுக்குள் வந்து ஆராய வேண்டும், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள். உங்களுடையது தனியார் வீடு என்பதால் இந்தக் கெடு உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் வாடகை வீடு மனிதர் வசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வீட்டுக்கும் உண்டு.

வீட்டுக்காரரிடம் இனி வாயால் பேசாதீர்கள். மின்னஞ்சல் எழுதுங்கள். தேதி தெரியும் படங்களையும், ஈரப்பதமானி காட்டும் எண்ணையும், பையனின் இருமலையும் அதில் சேருங்கள். பதில் வராவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், அவர்கள் வந்து பார்த்துப் பழுதுபார்க்க உத்தரவிடலாம். இப்படிப் புகார் செய்தால் விசாவுக்குக் கேடு வரும் என்று நம்மவர்களே பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். பையனை மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் பூசணம் இருப்பதைச் சொல்லிக் குறிப்பில் எழுதவையுங்கள்.

இருக்கிற புள்ளிகளை உலர்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள், தூள் பறந்து மூச்சில் போகும். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து, பூசணம் நீக்கும் ஸ்பிரே அடித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

என் கூறைப்புடவையை உலர்சலவைக்குக் கொடுத்தேன். பூசணம் போயிற்று, கறை போகவில்லை. இப்போது அது ஒரு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வீட்டின் நடுச்சுவரை ஒட்டிய அலமாரியில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை எடுத்து மடிப்பை மாற்றி வைக்கிறேன். சென்ற வருடம் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கறைப் பக்கம் கொசுவத்துக்குள் போகும்படி அதைத்தான் கட்டிக்கொண்டேன்.

உங்கள் பெட்டிகள் எந்தச் சுவரை ஒட்டி இருக்கின்றன என்று எழுதவில்லை. வெளிச்சுவர் என்றால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பையனின் படுக்கையை மட்டும் இன்று இரவே அந்த மூலையிலிருந்து நடுச்சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள்.